கஸ்பார் மாமாவோட முப்பதாம் நாள் கார்டு

ஒரே ஒரு வரிதான். அதுக்கு முன்னால கர்சர் நின்னு கண்ணச் சிமிட்டிக்கிட்டு இருக்கு, ஆல்ட்ரின் அதையே பாத்துக்கிட்டு இருக்கான், பத்து நிமிசமாச்சு. 'இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்று இறைவனில் துயில் கொண்டார்.' இத அவன் டைப் பண்ணல. யாரும் டைப் பண்றதில்ல. ஸ்டெல்லா கிராபிக்ஸ் கம்ப்யூட்டர்ல இருக்குற முப்பதாம் நாள் கார்டு டிசைன் பதினாலுலயும் அந்த வரி ஆதியில இருந்தே கெடக்கு. பேர மாத்தணும், போட்டோவ மாத்தணும், பொறந்த தேதி, எறந்த தேதி, பூச எந்தக் கோயில்ல எத்தன மணிக்கு, கீழ 'இப்படிக்கு அன்பு மகள்', முடிஞ்சுது வேல. கோயில் வாசல்ல நின்னு குடுப்பாங்க, சனம் வாங்கி ஜெபப் புத்தகத்துக்குள்ள சொருகிட்டு வீட்டப் பாத்துப் போவும். அந்த வரிய எவனும் படிக்கிறதில்ல. போன வருசம் பைபாஸ்ல லாரி அடிச்சு அந்த எடத்துலயே போன ஒரு மனுசனுக்குக்கூட இதே வரியோட முந்நூறு கார்டு அடிச்சுக் குடுத்தாச்சு, அப்புறந்தான் கடை ஓனர் சேவியர் அண்ணன் பாத்துட்டு, "ஏல, இவருக்கு சாமியார் எப்பல வந்தாரு, லாரில கிளீனரா வந்தாரா?"ன்னு கேட்டாரு, ரெண்டு பேரும் வயித்தப் புடிச்சிட்டு சிரிச்சாங்க. இன்னைக்கு சிரிப்பு வரல. ஸ்கிரீன்ல கஸ்பார் மாமா வெள்ளச் சட்ட போட்டு, ஒரு பக்கமா வாயக் கோணி, சீட்டாட்டத்துல ஜோக்கர் கையில இருக்குறவன் மாதிரி பாக்காரு. கஸ்பார் ரோட்ரிகோ, வயசு எழுவத்தொண்ணு, ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர்டு ஆனவரு, ஆல்ட்ரின் வீட்டுக்கு அடுத்த வீடு. அவரு எந்தத் திருவருட்சாதனமும் வாங்கல. சாகக் கெடக்குறவனுக்கு சாமியாரு வந்து பூசுற எண்ணெய் பூசல, பாவத்த வாய்விட்டுச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணல, நன்ம அப்பம் வாங்கல. அது ஆல்ட்ரினுக்குத் தெரியும். தெரியும் என்ன தெரியும், அவனாலதான் வாங்கல. மணி பதினொண்ணே கால். பதினொன்றரைக்கு பிரிஜித்தா அக்கா, மாமாவோட மக, இறால் கம்பெனியில பெர்மிஷன் போட்டுட்டு கார்டப் பாக்க வருது.

அழிச்சிரலாம். ஒரு இழு, ஒரு தட்டு, போயிரும். ஆனா அழிச்சா அக்கா கேக்கும், எல்லா கார்டுலயும் இருக்கே தம்பி, அப்பாவுக்கு மட்டும் ஏன் இல்லன்னு. விட்டுட்டா? விட்டுட்டா பொய். இன்னொரு பொய், அதுவும் அச்சடிச்ச பொய், எரநூத்தம்பது காப்பி, கோயில் வாசல்ல. சரி, ஏன் இப்படி வேர்க்குது, மேல ஃபேன் சுத்துதுல்ல? எல்லாரும் மோட்சத்துக்குத்தான் போறோம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவனுக்கு ஒரு வரி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? எண்ணெய் பூசுனா என்ன, பூசாட்டா என்ன? இதானலே நீ சொன்னது. இதத்தான ரெண்டு வருசமா தொண்ட கிழியக் கத்துன. அப்ப யோசிக்கவே கூடாதுல்ல. யோசிக்கியே.

"தம்பி, ஆதாரு ரெண்டு பக்கமும் ஒரே பேப்பர்ல வேணும்."

வாசல்ல ஒரு பொம்பள நிக்கி. ஆல்ட்ரின் எந்திரிச்சு வாங்கி, ஜெராக்ஸ் மிசினு மூடியத் தொறந்து வச்சு, பட்டனத் தட்டுனான், பச்ச வெளிச்சம் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போச்சு. ஆதாரு தலகீழா விழுந்துட்டு. "தம்பி, மூஞ்சி கவுந்து கெடக்கே"ன்னு அந்தம்மா சிரிக்கி. திரும்ப எடுத்துக் குடுத்தான். அந்தம்மா போயிட்டு. அந்தப் பச்ச வெளிச்சம் மட்டும் கண்ணுக்குள்ள ஊர்ந்துக்கிட்டே இருக்கு.

அவன் நரகத்துக்குப் பயந்து வளந்த பய. சின்ன வயசுல ஞாயித்துக்கெழம ஞானோபதேச வகுப்புல செவுத்துல ஒரு படம் தொங்கும், தீக்குள்ள ஆளுக இடுப்பு வரைக்கும் நின்னு கைய மேல தூக்கிக்கிட்டு, அதுல இடது பக்கம் ரெண்டாவது ஆளு அச்சு அசலா அவங்கப்பா மாதிரியே இருப்பாரு, அதே மீச, அதே ஏறுநெத்தி. அப்பா அவனுக்கு ஒம்பது வயசுல கடலுக்குப் போன போட்டுல இருந்து தவறி விழுந்து போயிட்டாரு, குடிச்சிருந்தாருன்னாங்க, சாமியாரும் இல்ல ஜெபமும் இல்ல, மூணாம் நாள்தான் கெடச்சாரு. அதுக்கப்புறம் அந்தப் படம் இருக்குற பக்கம் அவன் உக்காரவே மாட்டான், முதுகக் காட்டித்தான் உக்காருவான், ஆனா முதுகு சுடும். நெசமாவே சுடும். இருவது வயசு வரைக்கும் அந்தச் சூடு போகல. அப்புறம் ஒரு நாள் போன்ல ஒரு வீடியோ, யாரோ ஒரு வெளிநாட்டுச் சாமியாரு பேசுறாரு, கீழ தமிழ் எழுத்து ஓடுது: நரகம் உண்டு, ஆனா அதுல ஒருத்தர்கூட இல்லாமப் போகணும்னு நாம ஆசைப்படலாம், அதுக்காக ஜெபிக்கலாம். ஆல்ட்ரினுக்கு அன்னைக்குத்தான் முதுகு குளுந்துச்சு. பஸ்ஸுலயே அழுதுட்டான், பக்கத்துல இருந்த ஆளு பல்வலியான்னு கேட்டாரு. அப்பா இல்ல, அங்க அப்பா இல்ல, அங்க யாருமே இல்ல! அன்னையில இருந்து அதே பேச்சுதான். டீக்கடையில, இளைஞர் கூட்டத்துல, கல்யாண வீட்டுப் பந்தியில, வாட்ஸப் குரூப்புல. குரூப்புல எரநூத்திப் பன்னெண்டு பேரு, அதுல இக்னேசி சார்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, அவருதான் எதிர்க்கட்சி. "ஆசப்படு தம்பி, நானும் ஆசப்படுறேன். அடிச்சுச் சொல்லாத. அதுக்குப் பேரு மிஞ்சின நம்பிக்க, அது பாவம்"னு எழுதுவாரு. இவன் உடனே பைபிள்ல இருந்து காணாமப் போன ஆட்டக் கொண்டு வருவான், கெட்டுத் திரும்பி வந்த மகனக் கொண்டு வருவான், சிலுவையில வலது பக்கம் தொங்குன கள்ளனக் கொண்டு வருவான், அவனுக்கு எந்தச் சாமியாரு வந்து எண்ணெய் பூசுனாருன்னு கேப்பான். இக்னேசி சார் நிதானமா ஒரு வரி போட்டாரு: "அந்தக் கள்ளன் வாயத் தொறந்து கேட்டான் தம்பி." ஆல்ட்ரின் அதுக்கு மூணு சிரிக்கிற பொம்மையப் போட்டு விட்டான். மூணு. இப்ப நெனச்சா காது சுடுது. ஆசைப்படலாம்ங்கறது எப்பக் கழண்டு விழுந்துச்சுன்னு அவனுக்கே தெரியல, வருசம் போகப் போக எங்கனயோ விழுந்துட்டு, யாரும் இல்லங்கறது மட்டும் வாயில ஒட்டிக்கிட்டு.

அந்த இளைஞர் கூட்டம் வேற. அதத்தான் மனசு சுத்திச் சுத்திப் போயி நக்குது, பல்லுல மாட்டுன மீன் முள்ள நாக்கு தேடுற மாதிரி. மாமா சாகுறதுக்கு ஒரு வாரம் முந்தி, பங்குக் கோயில் ஹால்ல, நாப்பது பேரு, பிளாஸ்டிக் சேரு, சுண்டலும் டீயும். பங்குச் சாமியாரு அமிர்தம் ஃபாதர் முன்னால உக்காந்திருக்காரு, போன மடியில வச்சிருக்காரு, அவரு எங்க போனாலும் போன் மடியிலதான், பூசையில மட்டுந்தான் இல்ல. ஆல்ட்ரின் எந்திரிச்சு நின்னு, நரகம் காலி ஃபாதர், கடவுள் தோக்க மாட்டாரு, அப்படி இப்படின்னு பத்து நிமிசம். ஃபாதர் கேட்டுட்டு, "சரிப்பா, எல்லாம் காலின்னா நான் எதுக்கு மழையில நனஞ்சிக்கிட்டு எண்ணெய் டப்பாவத் தூக்கிட்டு சாகக் கெடக்குறவன் வீட்டுக்கு ஓடுறேன்?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இவன், "அது உங்க டியூட்டி ஃபாதர்." அதுக்கும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புதான் ஏத்தி விட்டுட்டு. ஃபாதர் சிரிக்கல. "ஒனக்கு வேண்டிய ஒருத்தர் சாகக் கெடந்தா என்னையக் கூப்பிட மாட்டியா ஆல்ட்ரின்?" நாப்பது பேரும் இவன் வாயையே பாத்தாங்க. ஒரு சின்னச் சேரு கிறீச்சுன்னுது. "கூப்பிட மாட்டேன் ஃபாதர்." சொல்லிட்டான். கைதட்டுனாங்க, பின் வரிசையில எவனோ விசிலே அடிச்சான். ஃபாதர் டீயக் குடிச்சிட்டு, "கூப்பிடு. நான் வாரேன்"னாரு, அவ்வளவுதான். அந்தக் கைத்தட்ட எத்தன நாள் வச்சு வச்சு கேட்டிருப்பான், குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது. சீ.

மணி பதினொண்ணு இருவது. லேமினேஷன் மிசினு சூடாகி ஒரு வாட வருது, பிளாஸ்டிக் உருகுற வாட. மாமா ரூம்ல வேற வாட, டெட்டால், வேர்வ, ஆரஞ்சுத் தோலு. அன்னைக்கு மூணு மணி, சாயங்காலம்கூட ஆகல, ஜன்னல்ல நல்ல வெயிலு. ஆஸ்பத்திரியில இனி வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க. ஆக்சிஜன் சிலிண்டர மாத்த அக்கா ஆட்டோவுல போச்சு, போறப்ப செருப்ப மாட்டிக்கிட்டே சொல்லிச்சு, "தம்பி, கொஞ்சம் பாத்துக்க. மூச்சு வாங்குன மாதிரி இருந்தா எனக்கு முன்னால ஃபாதருக்குப் போன் போட்டுரு. அப்பா வேணாம்னு கத்துனாலும் போட்டுரு. அவரே வாயத் தொறந்து கேட்டார்னா..." அத முடிக்காமலே போச்சு. ஏன்னா கேக்க மாட்டாருன்னு அக்காவுக்குத் தெரியும். மாமா பதினோரு வருசமா கோயில் படி ஏறல. பழைய சாமியாரு யாரோடயோ கல்லறைக்கு எடம் குடுக்குறதுல சண்ட, அதுல இருந்து, "சாமியார் வந்தா சிலிண்டரத் தூக்கி மண்டையில போடுவேன்"ம்பாரு. ஆல்ட்ரின் கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து போன நோண்டிக்கிட்டு இருந்தான். குரூப்புல சண்ட சூடு புடிச்சிட்டு, இக்னேசி சார் நீளமா ஒண்ணு போட்டிருந்தாரு, அதுக்குப் பதில் அடிச்சிக்கிட்டு இருக்கான், ரெண்டு கட்டவிரலும் பறக்குது. அப்பத்தான் மாமா, மூக்குல மாட்டுன குழாயத் தள்ளிவிட்டு, "ஏல." இவன் நிமிந்தான். "சாமியாரக் கூப்புடுல." ஆல்ட்ரினுக்கு மொதல்ல வெளையாடுறாருன்னுதான் தோணுச்சு. இல்ல, கண்ணு வெளையாடல.

உள்ள என்ன நடந்துச்சுன்னு இருவத்தாறு நாளா அவன் கிண்டிக்கிட்டு இருக்கான், ஒவ்வொரு தடவையும் கையில ஒரே கல்லுதான் வருது. போன எடுத்து நம்பரத் தேடுனான். தேடுனான், அது நெசம், 'அமிர்தம் ஃபாதர்'ங்கறது ஸ்கிரீன்ல வந்துட்டு, தட்டுனாப் போதும். அந்த நேரத்துல அந்த ஹாலு, அந்த நாப்பது மூஞ்சி, அந்த விசிலு. கூப்பிட்டா ஃபாதர் வருவாரு, எண்ணெய் டப்பாவோட, ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா அந்தப் பார்வ ஒண்ணு பாப்பாரு. நாளைக்கு எல்லாப் பயலும் கேப்பான், என்னல ஆல்ட்ரின், கூப்பிட்டியாமே. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல. அதுக்குப் போயி. அவன் குனிஞ்சு மாமா கையப் புடிச்சிக்கிட்டு, குரல இனிப்பாக்கிக்கிட்டு, "மாமா, எதுக்குப் பயப்படுறீங்க? கடவுள் இரக்கம் உள்ளவரு. யாரையும் விடமாட்டாரு. சாமியாரு எல்லாம் எதுக்கு"ன்னான். மாமா தலைய ஆட்டுனாரு, அது இல்லங்கற மாதிரி. "கூப்புடு. ஒண்ணு சொல்லணும். எந்தம்பிக்கு நான்... சொல்லணும்." ரெண்டாவது தடவ. "அதெல்லாம் கடவுளுக்குத் தெரியும் மாமா. நீங்க சொல்லியா தெரியணும்?" மாமா அவனப் பாத்தாரு. கிரேன் மேல இருந்து கீழ நிக்குற ஆளப் பாக்குற மாதிரி, அம்புட்டுத் தூரத்துல இருந்து. "அவருக்குத் தெரியும்ல. நான் சொல்லணும்ல." மூச்சு விட்டு விட்டு, ஒவ்வொண்ணா. அதுக்கப்புறம் மூணாவது தடவ பேச முடியல, கையத்தான் தூக்குனாரு, வெரல் ரெண்டும் நெத்தியத் தொட்டுச்சு, எண்ணெய் பூசுற எடத்த, தொட்டுட்டு வாசலக் காட்டுச்சு. ஆல்ட்ரின் அந்தக் கையப் புடிச்சு மெத்தையில வச்சான். மெதுவாத்தான் வச்சான். அமுக்கல. அமுக்கலையா? கொஞ்சம் அமுக்குனான். மாமா "சரி"ன்னாரு. சரின்னு ஏன் சொன்னாரு? சமாதானமாச் சொன்னாரா, ஒன்கிட்டப் போயி கேட்டேன் பாருன்னு சொன்னாரா? கண்ண மூடிட்டாரு. தம்பிக்கு என்ன செஞ்சாரோ, எழுவத்தொரு வருசத்துல தூக்கிச் சுமந்தது என்னவோ, அத எறக்கி வைக்க ஒரே ஒரு எடம் கேட்டாரு, அதுக்கு இவன் வாசல அடச்சிக்கிட்டு உக்காந்து கடவுள் நல்லவருன்னு பிரசங்கம் பண்ணிட்டான்.

அக்கா சிலிண்டரோட வந்து எறங்கும்போது மாமாவுக்குத் தொண்டையில கொறகொறன்னு சத்தம் வந்துட்டு. "ஃபாதருக்குப் போட்டியா?" "போட்டேன்க்கா. எடுக்கல." வாய் அதுபாட்டுக்குச் சொல்லிட்டு. "அப்பா எதுவும் கேட்டாரா?" "இல்லக்கா, ஒண்ணும் கேக்கல." மொதப் பொய்ய மறைக்க ரெண்டாவது பொய்ய மேல போத்தி விட்டான், கேக்காத மனுசனுக்கு வராட்டி என்னன்னு ஆயிரும்ல. அக்கா தானே போன் போட்டுச்சு, ஃபாதர் ஓடி வந்தாரு, செருப்புகூட ஒழுங்கா மாட்டாம, ஆனா அதுக்குள்ள மாமா போயி அஞ்சு நிமிசம் ஆயிட்டு. ஃபாதர் ஜெபம் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி, அத எப்படிச் சொல்ல, குரூப்புல ஆல்ட்ரின் ஒரு பதிவு போட்டான். 'இன்று என் கண் முன்னால் ஒரு பெரியவர் எந்தச் சடங்கும் இல்லாமல் இறைவனின் இரக்கத்தில் அமைதியாக உறங்கினார். அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை: சரி.' அறுவத்தியொரு ஹார்ட்டு. கை கூப்புற பொம்ம எண்ண முடியல. இக்னேசி சார் ஒண்ணும் போடல. மறுவாரம் அந்தப் பதிவ அழிக்கப் பாத்தான், நாளாயிட்டு, எல்லாருக்கும் அழிக்கிறது வரல, ஒனக்கு மட்டும் அழிக்கவான்னுதான் போன் கேக்கு. அழிச்சான். அவன் போன்ல இப்ப அது இல்ல. மத்த எரநூத்திப் பதினோரு பேரு போன்லயும் மாமா சரின்னுட்டு அமைதியாத் தூங்கிக்கிட்டு இருக்காரு.

அடக்கத்தன்னைக்கு கல்லறைத் தோட்டத்து கேட்டுல வச்சு அக்கா ஃபாதரப் புடிச்சிக்கிட்டு. தல விரிஞ்சு கெடக்க, ஊரே நிக்க, "ஆல்ட்ரின் பய அத்தன தடவ போட்டானே ஃபாதர், ஒரு போன எடுக்கக் கூடாதா? எங்கப்பா ஒருத்தர்தான் ஒங்களுக்குக் கண்ணுல படலயா?" அத்தன தடவன்னு ஆல்ட்ரின் சொல்லவே இல்ல, அதுவா சேந்துட்டு. ஃபாதர் அங்கியத் தூக்கி உள்பையில இருந்து போன எடுத்தாரு. வந்த காலெல்லாம் வெரலால தள்ளித் தள்ளிப் பாத்தாரு. சிலுவையப் புடிச்சிக்கிட்டு அவருக்குப் பின்னாலதான் ஆல்ட்ரின் நிக்கான். ஃபாதர் நிமிந்து அவன ஒரு தடவ பாத்தாரு. அந்தப் பார்வதான். இந்தப் பார்வைக்குப் பயந்துதான கூப்பிடாம இருந்தான், ஆனா அதுல அவன் பயந்தது ஒண்ணும் இல்ல, ஜெயிச்ச மூஞ்சி இல்ல, திட்டு இல்ல, சொகமில்லாத பிள்ளையப் பாக்குற மாதிரி இருந்துச்சு. போன பையில போட்டுட்டு அக்காகிட்ட, "மன்னிச்சிரும்மா. நான் வந்திருக்கணும்"னாரு. அவ்வளவுதான். நரகம் காலின்னு ஒத்துக்காத மனுசன் ஊரு முன்னால தலையக் குனிஞ்சிட்டு நிக்காரு, இரக்கம் இரக்கம்னு கத்துன பய அவர் முதுகுக்குப் பின்னால சிலுவையத் தூக்கிட்டு ஒளிஞ்சு நிக்கான். இருவத்தாறு நாளா ஃபாதர் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. இவன்கிட்டயும் கேக்கல. போன வாரம் பஸ் ஏறி வேற ஊரு கோயில்ல போயி ஆல்ட்ரின் பாவசங்கீர்த்தனம் பண்ணுனான், முகம் தெரியாத சாமியாரு, "பொய் சொன்னேன் ஃபாதர், ரெண்டு தடவ"ன்னான், அவரு சின்னப் பொய்யாக்கும்னு நெனச்சு மூணு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னாரு. வெளிய வந்து அரை நிமிசத்துல சொல்லி முடிச்சிட்டான். முதுகு குளுரல. பஸ்ஸுல அழுத அந்த நாளுக்கப்புறம் இப்பத்தான் அந்தச் சூடு திரும்ப வந்திருக்கு, ஆனா இது அந்தப் படத்துத் தீ இல்ல, இத எந்த வீடியோவும் அணைக்காது. அவன் இன்னமும் நம்பத்தான் செய்யான், அங்க யாரும் இருக்கக் கூடாதுன்னு, மாமா கண்டிப்பா இல்லன்னு. நம்பிக்கையில தப்பு இல்ல. அத எடுத்து எதுக்கு வச்சான்? தன் மூஞ்சிய மறைக்க வச்சான்.

"தம்பி, ஆச்சா?"

அக்கா வந்துட்டு. கழுத்துல கம்பெனி அட்ட, கையில டிபன் பை, வெரலெல்லாம் ஐஸுல ஊறி வெளுத்துப் போயி இருக்கு. பக்கத்து ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து ஸ்கிரீனப் பாத்துச்சு.

"இந்த போட்டோவா வச்ச? கள்ளச் சிரிப்புல்லா சிரிக்காரு."

"வேற மாத்தவாக்கா?"

"வேணாம், இதே இருக்கட்டும். இப்படித்தான இருந்தாரு." அக்கா வெரல் வச்சு வரி வரியாப் படிச்சுது. பேரு சரி. தேதி சரி. சனிக்கெழம காலையில ஆறு மணி பூச, சரி. வெரலு அந்த வரியில வந்து நின்னுட்டு.

"இத எடுத்துருல தம்பி."

"எதக்கா?"

"இந்த வரிய. வாங்கலேல்ல அப்பா. எதுக்குக் கோயில் வாசல்ல நின்னு பொய்யக் குடுக்கணும்." கண்ணத் தொடச்சிக்கிட்டு. "ஃபாதரக்கூட நான் விட்டுட்டேன். பாவம், நேத்தும் வந்துட்டுப் போனாரு, எதுத்து ஒரு பேச்சு பேசல. என்னால தாங்க முடியாதது என்ன தெரியுமா? வாங்காதது இல்ல. கேக்கக்கூட இல்லையே தம்பி மனுசன். கடைசி வரைக்கும் வீம்பா, கேக்காமலே போயிட்டாரே. நீ எல்லாரும் மோட்சம் போவாங்கன்னு சொல்லுத, நல்லாத்தான் இருக்கு கேக்க. எல்லாரும் போறது இருக்கட்டும், எங்கப்பா போனாரான்னு ராத்திரி முழிச்சு முழிச்சுக் கெடக்கேன்."

எடுத்துருன்னு அக்காவே சொல்லிட்டு. கார்டுல பொய் போயிரும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, பதினொண்ணே முக்காலுக்கு அக்கா கம்பெனிக்குப் போயிரும், முடிஞ்சுது. எப்பேர்ப்பட்ட கதவு தொறந்து கெடக்கு. ஆல்ட்ரின் மவுஸப் புடிச்சு வரிய இழுத்தான், வரி முழுக்க நீலமாச்சு, டெலீட் மேல வெரலு. தட்டுனா போற வரியோட மாமா நெத்தியத் தொட்ட அந்தக் கையும் போயிரும். கேக்காமச் செத்த மனுசன்னு அக்கா சாகுற மட்டும் முழிச்சுக் கெடக்கும். கூப்புடுல. கூப்புடுல.

"கேட்டாருக்கா."

"என்னது?"

"மாமா கேட்டாரு. சாமியாரக் கூப்புடச் சொன்னாரு. நாந்தான் கூப்பிடல. போனே போடல நான். ஃபாதர் மேல ஒண்ணும் இல்ல."

அக்கா அவனப் பாக்கல, ஸ்கிரீனப் பாத்துத்தான் கேட்டுச்சு.

"எத்தன தடவ கேட்டாரு?"

"மூணு தடவ. மூணாவது கையால."

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு. ஒன் வார்த்த ஒண்ணும் வேணாம்."

அவன் சொன்னான். மாமா விட்ட எடத்துல மூச்ச விட்டு, அந்த 'ஏல'வையும் விடாம. 'அவருக்குத் தெரியும்ல. நான் சொல்லணும்ல'ங்கற எடத்துக்கு வந்ததும் அக்கா வாயப் பொத்திக்கிட்டு. தோளு ரெண்டும் குலுங்குது. அழுதுன்னு நெனச்சான், கையெடுத்தப்ப பாத்தா சிரிப்பும் அதுல கெடக்கு. "கேட்டிருக்காரு," ங்குது. "பதினோரு வருசம் கழிச்சு, எங்கப்பா கேட்டிருக்காரு." அப்படியே எந்திரிச்சு, டிபன் பையால அவன் தோள்ல ஓங்கி ஒண்ணு வச்சுது, உள்ள டப்பா மூடி கழண்டு உருண்டுச்சு. இன்னொண்ணு. ஆல்ட்ரின் நகரல. "எதுக்குல? எதுக்குக் கூப்பிடல?"

"வெக்கமா இருந்துச்சுக்கா. கூப்பிட மாட்டேன்னு கூட்டத்துல சொல்லிட்டேன்."

அக்கா அவன ஏற எறங்கப் பாத்துச்சு. அந்தக் காரணம் எம்புட்டுச் சின்னதுன்னு சொல்லிக் கேக்கும்போதுதான் அவனுக்கே தெரிஞ்சுது, உள்ள இருந்தவரைக்கும் பெருசா இருந்துச்சு. அக்கா ஸ்டூல்ல திரும்ப உக்காந்து, மூக்க உறிஞ்சிட்டு, "டைப் பண்ணு"ன்னுது. "பெற்றுங்கறத எடுத்துட்டு கேட்டுன்னு போடு."

அவன் போட்டான். ப் ஒண்ணு மிச்சம் நின்னுது, அத எடுத்துட்டு க் போட்டான். இறுதித் திருவருட்சாதனங்களைக் கேட்டு இறைவனில் துயில் கொண்டார்.

"கேட்டுன்னா... கெடச்சுதான்னு எல்லாரும் கேப்பாங்களேக்கா."

"கேக்கட்டும். சனிக்கெழம வாசல்ல நின்னு கார்டக் குடுக்கப் போறது நீதான். கேக்குறவங்களுக்கு நீயே பதில் சொல்லு. ஒரு காப்பி எடு, பாப்போம்."

பிரிண்டர் முக்கி முனகி ஒரு கார்டத் தள்ளுச்சு. அக்கா சூட்டோட எடுத்து அந்த வரிய மட்டும் வாய்விட்டுப் படிச்சுது, ரெண்டு தடவ. டிபன் டப்பா மேல மடங்காம வச்சு, பைய மூடி, பெர்மிஷன் முடியுதுன்னுட்டு எறங்கிப் போச்சு. பரவால்ல தம்பின்னு ஒரு வார்த்த வரும்னு ஆல்ட்ரின் காத வச்சுக்கிட்டே நின்னான். வரல. அவன்தான் இன்னும் மன்னிப்புக் கேக்கலையே. ஊருக்கெல்லாம் கேக்காமலே மோட்சம் வாங்கிக் குடுத்தவனுக்குத் தனக்குன்னு ஒரு தடவ கேக்க வாய் வரல.

அவன் போன எடுத்தான். 'அமிர்தம் ஃபாதர்'. பேரத் தட்டுனா பழைய கால் எதுவும் இல்ல, ஒண்ணுகூட இல்ல, வெறும் வெள்ளையா இருக்கு. பச்சையத் தட்டுனான். காதுல வச்சான். எடுக்காமப் போனா நல்லாயிருக்கும்னு ஒரு நொடி, ஒரே நொடி, மனசு ஆசப்பட்டுச்சு. மொத ரிங்கு முழுசா முடியல.

"சொல்லு ஆல்ட்ரின்."